கப்பல் போன ஊர்

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்றொரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. 1623இல் ஆங்கிலேயர் வந்து குடியேறிய கரை அது. ஜப்பானின் ஒக்காயாமா மாகாணத்தில், தீவுகளுக்கு நடுவே கிடக்கும் செத்தோ உள்கடலின் ஓரத்தில், தமானோ என்றொரு சிறு நகரம். மிற்சுயி கப்பல் கட்டும் தளத்தோடு சேர்ந்து வளர்ந்த ஊர். 1950களின் இறுதியில் இந்த இரண்டும் சகோதர நகரங்களாயின. பாடசாலைப் பிள்ளைகள் கடல் கடந்து போய், அடுத்த ஊரின் வீடுகளில் தங்கி, அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் ஒருவரையொருவர் சுடுவதற்குப் பயிற்றப்பட்டவர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில், சுருக்கமாக வல்வையில், குளோஸ்டர் என்பது நெடுநாள் பழகிய பெயர். தமானோ அந்த ஊரோடு உறவு கொண்டாடுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னரே எங்கள் கரையிலிருந்து அங்கே ஒரு கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நினைக்கும்போது ஓர் உரிமையும் ஓர் ஏக்கமும் எனக்குச் சேர்ந்தே வருகின்றன.

*

கப்பலின் பெயர் அன்னபூரணி. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டது. நீளம் 89 அடி. வேப்பமரத்தில் கட்டிய கப்பல் என்று ஊரில் சொல்வார்கள். சோறு தரும் அம்மனின் பெயரைக் கப்பலுக்கு வைத்தது பொருத்தம்தான். அந்தக் காலத்து வல்வைக் கப்பல்கள் இரங்கூனுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தன; நாகபட்டினத்துக்கும் கொச்சிக்கும் போய் வந்தன. குடாநாட்டு மண்ணில் விளையும் நெல் குடாநாட்டுக்குக் காணாது. பர்மா அரிசி வந்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் இந்தக் கப்பலை விலைக்கு வாங்கினார். அவர் சும்மா பணக்காரப் பயணி அல்லர். 1928 முதல் 1931 வரை, முப்பத்திரண்டு அடி நீளமான ஸ்வாப் என்ற சிறு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். பாய்க்கப்பலின் காலம் மேற்கில் முடிந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு கரையில், கையால் செதுக்கிய மரத்தில், இன்னமும் முழுக்கப்பல் கட்டுகிறார்கள் என்பதைக் கண்ட கண் அவருடையது. வாங்கியபின் மனைவியின் பெயரைச் சூட்டி அதை புளோரன்ஸ் சி. றொபின்சன் ஆக்கினார்.

கப்பலை ஓட்டிப் போனவர்கள் ஊரவர்கள். கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு ஏறிய வல்வைக் கடலோடிகளும். சூயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக்கில் இறங்கி, பெர்முடாவைத் தொட்டு, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். பத்திரிகைக்காரர் வந்தார்கள். பொஸ்ரன் பத்திரிகையில் செய்தி வந்தது.

நான் நெடுநேரம் யோசிப்பது அதற்கு அடுத்த நாளைப் பற்றி. பத்திரிகைக்காரர் போனபின், குளோஸ்டரின் மீன்பிடிக்காரர் ஒருவராவது கப்பலுக்குக் கிட்ட வந்திருப்பார். பலகை பொருத்தியிருக்கும் விதத்தைக் கையால் தடவிப் பார்த்திருப்பார். பொதுமொழி இல்லாத இரண்டு கடலோடிகள் ஒரு முடிச்சைக் காட்டி மற்ற முடிச்சைக் கேட்டிருப்பார்கள். இது என் ஊகம். ஆனால் கடற்தொழில் செய்கிறவர்களோடு கொஞ்சம் பழகியவர்களுக்கு இது ஊகமாகவே தோன்றாது.

*

வல்வெட்டித்துறையின் ரேவடிக் கரையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: அந்தக் கப்பல்களுக்கு வரைபடம் ஏதாவது இருந்ததா?

“ஆர் தம்பி படம் கீறிக் கப்பல் கட்டினது? மேத்திரியார் மரம் கிடக்கிற கிடையைப் பாத்தே இது எந்த வங்கு எண்டு சொல்லிப்போடுவார். எல்லாம் மனசிலைதான்.”

பிறகு கடலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குத் தெரிந்த மேத்திரிமார், கப்பல் கட்டிய தச்சர்கள், ஒருவரும் இன்று இல்லை. மரத்தின் இயல்பான வளைவைக் கப்பலின் விலாவான வங்குக்குப் பொருத்துகிற அந்த அறிவை ஏட்டிலும் எழுதவில்லை, தாளிலும் எழுதவில்லை. 1948க்குப் பிறகு கடவுச்சீட்டும் சுங்கக் கெடுபிடியும் பாக்குநீரிணையின் குறுக்கே இறுகின. 1964 டிசம்பரில் புயல் அடித்தது. தனுஷ்கோடியை அழித்த அதே புயல் இந்தக் கரையையும் உலுக்கியது. பிறகு யுத்தம். கடலுக்குப் போகவே அனுமதி கேட்டு நின்ற ஆண்டுகள். கப்பல் கட்டுகிற கை ஒரே நாளில் நின்றுபோகவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை இல்லாமல் போனது.

*

குளோஸ்டரின் கடற்கரை வீதியில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. மழைக்கவசம் போட்ட மீனவர் ஒருவர், சாய்கிற தளத்தில் காலூன்றி, சுக்கான் சக்கரத்தை இறுகப் பிடித்தபடி. 1925இல் நிறுவியது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அதைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கின்றன, ஐயாயிரத்துக்கும் மேல். ஒரு சிறு ஊருக்கு ஐயாயிரம். தம்பிப்பிள்ளையும் அவரோடு போனவர்களும் கப்பலில் வந்து சேர்ந்தபோது அந்தச் சிலை அங்கே இருந்தது.

2001இல் அதே கரையில் இன்னொரு சிலை வைத்தார்கள். ஒரு பெண், கையில் ஒரு குழந்தை, அருகில் இன்னொரு பிள்ளை, கடலைப் பார்த்தபடி. மீனவரின் மனைவியருக்கான நினைவு. இரண்டாவது சிலைக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது என்பதை நான் கவனிக்கிறேன். எங்கள் கரையில் அந்தப் பெண்கள் முத்துமாரி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆண்கள் இரங்கூனில் நிற்கும் மாதங்களில் காணியும் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவர்களுடைய தலையில்தான். வல்வெட்டித்துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கப்பல்களின் பெயர்களைச் சேகரிக்கிறார்கள். அது நல்ல வேலை. வீட்டில் இருந்து ஊரை நடத்தியவர்களின் பெயர்களையும் யாராவது கேட்டுக் குறித்தால் எனக்கு மனம் நிறையும்.

*

மசச்சூசெற்ஸோடு யாழ்ப்பாணத்துக்கு இன்னும் பழைய உறவொன்று உண்டு. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தது மசச்சூசெற்ஸின் வூஸ்டரில், 1822இல். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு போய், திரும்ப வந்து, 1873 வரை இங்கே இருந்தார். அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்களை வைத்தியர்களாக்கினார். 1860களிலிருந்து அந்தப் படிப்பைத் தமிழிலேயே நடத்தினார்.

மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் படிக்கலாம் என்று அன்று நம்பியவர்கள் எத்தனை பேர்? தமிழரிலேயே பலர் நம்பவில்லை. கிறீன் நம்பினார். மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்களைத் தமிழாக்கினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’. தலைப்புகளை வாசித்தாலே அந்த அறையில் நடந்த விவாதங்கள் காதில் விழுகின்றன: எந்தச் சொல்லை வடமொழியிலிருந்து எடுப்பது, எதை நாட்டு வைத்தியரிடமிருந்து எடுப்பது, எதை இங்கிலீசிலேயே விட்டுவிடுவது. மாணவர்கள் தொப்பியும் காற்சட்டையும் போட்டு வெள்ளைக்காரராகத் தெரிவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே வைத்தியம் செய்யுங்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. அவர் வந்தது மதம் பரப்ப. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் அவர் தமிழை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது 1883இல். அடுத்த ஆண்டு அவர் காலமானார். கிறீன் ஹில் என்ற குடும்ப நிலம் இன்று நகரத்தின் பொதுப்பூங்கா. நியூ யோர்க்கின் சென்றல் பார்க்கை உருவாக்குவதில் முன்நின்ற அன்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன். அந்தப் பூங்காவுக்குக் காற்று வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, மசச்சூசெற்ஸின் பனிக்காலத்தில் இந்த மேட்டில் இருந்து ஒருவர் தமிழில் மருத்துவம் எழுதினார் என்று தெரியும்? அவருடைய கல்லறைக்கல்லில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறித்திருக்கிறது. அப்படிப் பொறிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

வூஸ்டருக்கும் மானிப்பாய்க்கும் இடையே இருப்பது இதுதான். ஓர் ஊர் தன் பிள்ளை ஒருவரை அனுப்பியது. மற்ற ஊர் அவருக்குத் தன் மொழியைக் கொடுத்தது.

*

உடுவிலில், கிறீனுக்கு முன்னரே யாழ்ப்பாணம் வந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் கல்லறை. ஹரியற் வின்ஸ்லோ, 1833இல் இறந்தவர். 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியவர். தமிழ் இங்கிலீசு அகராதி தந்த மிரோன் வின்ஸ்லோவின் மனைவி. அவருடைய கொள்ளுப்பேரன் ஜோன் பொஸ்ரர் டலஸ்.

சகோதர நகரங்களின் கதையைத் தேடிப் போனால் அந்தப் பெயரும் எதிரே வருகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானோடு 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் செய்த சமாதான உடன்படிக்கையை வகுத்தவர் டலஸ். அந்த மாநாட்டில்தான் இலங்கைப் பிரதிநிதி ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று பேசினார். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1956 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், அரசுகளை நம்பியே இராமல் சாதாரண மக்கள் எல்லை கடந்து பழகவேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார். சகோதர நகர உறவுகள் அதனால் பெருகின. அப்போது அவருடைய வெளியுறவுச் செயலாளர் டலஸ். உடுவில் மண்ணில் கிடக்கிற ஒரு பெண்ணின் வம்சம் இந்தக் கதையின் நடுவில் நிற்கிறது. இதற்கு நான் அர்த்தம் கற்பிக்க விரும்பவில்லை. டலஸின் பனிப்போர் அரசியலில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனாலும் உடுவில் தேவாலயப் பக்கம் போகும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

*

அமெரிக்க நகரம் ஒன்றும் ஜப்பானிய நகரம் ஒன்றும் முதலில் சகோதரமானது ஐசனோவரின் திட்டத்துக்கும் முன்னர், 1955 டிசம்பர் 7ஆம் திகதி. மினசோட்டாவின் செயின்ட் போல், நாகசாகி. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அதே டிசம்பர் 7. நாகசாகியில் அணுகுண்டு விழுந்து பத்து ஆண்டும் சில மாதமும்.

செயின்ட் போலில் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. 1979இல் நாகசாகியின் தோட்டக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தது. நாகசாகியின் சமாதானப் பூங்காவில் செயின்ட் போல் கொடுத்த சிலை ஒன்று நிற்கிறது. அந்தச் சிலையைப் பார்க்கப் போகிற அமெரிக்கர், அணுகுண்டு நூதனசாலைக்குக் கிட்டத்தான் நடக்கவேண்டும். 1945 ஓகஸ்ட் 9ஐ மூடி வைத்துவிட்டு அங்கே யாரும் நட்புப் பேசவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். குண்டு போட்ட நாட்டின் ஓர் ஊர், குண்டு விழுந்த ஊரின் கதையைத் தலை குனிந்து கேட்கச் சம்மதித்தது. கதை சொல்கிறவர்களைப் பார்த்து, பழசை விடுங்கள் என்று சொல்லவில்லை.

*

யாழ்ப்பாணத்துக்கும் தாளில் எழுதிய உறவு உண்டு. 2016 ஒக்ரோபரில், அன்றைய வடமாகாண முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் இங்கிலாந்தின் கிங்ஸ்ரன் அப்பொன் தேம்ஸ் நகரத்தோடு உடன்படிக்கை செய்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கனடாவின் மார்க்கம் நகரமும் முல்லைத்தீவும் நட்புறவு கொண்டன.

கிங்ஸ்ரன் தேர்வு தற்செயலானது அல்ல. நியூ மோல்டன், டொல்வேர்த், சேர்பிற்றன் என்று அந்தப் பக்கத்து வீதிகளில் எங்கள் ஊர்க்காரர் நிறைய. உடன்படிக்கைக்கு முன்னரே அங்கே வியாபாரம் இருந்தது, தமிழ்ப் பாடசாலை இருந்தது, கலியாணம் பேசினார்கள். அந்த நகரத்தின் நடுவில் ஒரு கல் இருக்கிறது. பழைய சாக்ஸன் அரசர்கள் முடிசூடிய கல் என்று போற்றி, சுற்றிக் கம்பிவேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லூரில் யாழ்ப்பாண அரசை நினைவூட்டும் சங்கிலியன் தோப்பு வளைவு நிற்கிறது. பழைய அரசர்களின் நினைவை வீதியோரத்தில் வைத்திருக்கிற இரண்டு ஊர்கள். அவர்கள் தங்கள் கல்லைக் காக்கிற அக்கறையில் பாதியாவது நாங்கள் அந்த வளைவுக்குக் காட்டினால் நல்லது.

புலம்பெயர்ந்தவர்கள் இருக்கிற நகரத்தோடு உறவு வைப்பது இலகு. உறவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அங்கே போய் வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குகிறார்கள். கிங்ஸ்ரனில் வாழும் கொரியக் குடும்பம் ஒன்றும் யாழ்ப்பாணத்து வீடொன்றும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளுமானால் அப்போதுதான் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான நட்பு தொடங்கும் என்று எனக்குப் படுகிறது. தமானோப் பிள்ளை குளோஸ்டரில் தங்குவது மாமா வீட்டில் அல்ல. முன்பின் தெரியாதவர் வீட்டில், பேச்சு அரைகுறையாக விளங்குகிற வீட்டில். எனக்கு அந்த ஏற்பாட்டில் மதிப்பு அதிகம்.

*

இன்னும் கிட்ட உள்ள ஊர் ஒன்று என் மனதில் இருக்கிறது. காலி.

இரண்டு ஊர்களிலும் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமையானது. யாழ்ப்பாணக் கோட்டை 1990இல் முற்றுகையில் சிதைந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் இரண்டு கரைகளிலும் ஏறியது. காலியில் பேருந்து நிலையத்தை அடித்துப் போனது, வடமராட்சி கிழக்கில் ஊர்களையே வழித்தது. 1911இல் காலியில் ஒரு கல்வெட்டு கண்டெடுத்தார்கள். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மும்மொழிகளில் எழுதியது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், தெற்கே தெவிநுவரக் கோயிலில் இருந்த தெய்வத்துக்குக் காணிக்கை சொல்ல, கடல் கடந்து வந்தவர்களுக்குத் தமிழ் தேவைப்பட்டது.

யாழ்தேவி ரயில் 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. தெற்கிலிருந்து மக்கள் நாகதீப விகாரைக்கு வந்து போகிறார்கள். ஐஸ்கிறீம் குடித்து, பனங்கட்டி வாங்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு தமிழ் வீட்டில் ஓர் இரவு தங்குவது அரிது. எங்கள் பிள்ளைகள் காலியில் ஒரு சிங்கள வீட்டில் தங்குவதும் அரிது. தங்கினால் பேச்சு எங்கே போகும் என்று இரண்டு பக்கமும் பயம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம், 2009இல் முள்ளிவாய்க்கால், இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் அமர்ந்திருக்கிற தாய்மார். இவற்றைப் பேசாமல் ஒரு நட்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் அது எங்களுக்குக் காயம்தான். காலியில் ஒரு வீடாவது இருந்து இதைக் கேட்கும் என்று நான் நம்புகிறேன். அந்த வீட்டுக்கும் சொல்ல இருக்கும். யுத்தத்துக்குப் போய் வராத பிள்ளை அவர்களுக்கும் இருக்கலாம். அதை நாங்களும் கேட்கவேண்டும்.

*

2038 ஓகஸ்ட் 1ஆம் திகதி அன்னபூரணி குளோஸ்டர் அடைந்து நூறு ஆண்டுகள் நிறைகின்றன. தொலைவில் இல்லை.

செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கேப் ஆன் நூதனசாலை குளோஸ்டரின் கடல் வரலாற்றைச் சேர்த்து வைக்கிற இடம். கப்பலின் படமோ அளவுக் குறிப்போ அங்கே இருக்கிறதா என்று முறையாக எழுதிக் கேட்கவேண்டும். அளவுகள் கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கப்பலைத் தாளில் மீட்டெடுக்கலாம். மேத்திரியார் மனதில் வைத்திருந்ததில் கொஞ்சமாவது வெளியே வரும். வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி நடத்துகிறார்கள். அவ்வளவு ஒழுங்காக ஒன்றை நடத்தத் தெரிந்தவர்களுக்கு, சிதம்பராவின் பத்துப் பிள்ளைகளைக் குளோஸ்டருக்கு அனுப்பி, அங்கிருந்து பத்துப் பிள்ளைகளை வல்வை வீடுகளில் தங்க வைக்கிற வேலை பெரிதல்ல. பட்டப்போட்டி நடக்கிற தைப்பொங்கல் நாளில் வந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னர் தம்பிப்பிள்ளையோடு போனவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் குடும்பமும் பிழையில்லாமல் உறுதியாகவேண்டும். அதற்கு ஊரில் கேட்டால் மட்டும் காணாது. இடப்பெயர்வுகளில் பெட்டிகள் போன பிறகு, மிஞ்சிய கடிதங்களும் படங்களும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற வல்வை வீடுகளின் அலுமாரிகளில்தான் கிடக்கின்றன. அங்கிருந்து தொடங்கவேண்டும், வயதானவர்கள் இருக்கும்போதே.